பக்குவத்தை அளந்தவர் யார்? சீக்கிய அமிர்த தீட்சையில் தகுதி பற்றிய கருத்தின் வரலாறு

தலைப்பாகை கட்டி, முடி வெட்டாமல், நாள் தவறாது குருத்வாரா போய்வரும் சீக்கிய இளைஞர் ஒருவரிடம் ஏன் இன்னும் அமிர்தம் எடுக்கவில்லை என்று கேட்டால், 'நான் இன்னும் அதற்குத் தயாராகவில்லை' என்பார். விடியுமுன் எழுந்து பாணி எனும் புனிதப் பாடல்களை ஓத முடியுமா, கோபத்தையும் சபலத்தையும் அடக்க முடியுமா, எடுத்தபின் தவறிவிட்டால் பாவம் கூடாதா என்று தன்னையே எடைபோட்டு ஆண்டுகளைக் கடத்துவார். இந்தத் தயக்கத்தில் உண்மையான பணிவு இருக்கிறது. ஆனால் இது சீக்கியத்தோடு கூடப் பிறந்ததன்று. தீட்சைக்கு ஒருவர் தகுதியானவரா என்பதை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கைகள் அளந்திருக்கின்றன. அந்த அளவுகோல் தனிமனிதரின் மனசாட்சிக்குள் வந்து சேர்ந்தது மிகப் பிந்தித்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குரு நானக் (1469–1539) காலத்து முறை எளியது. குருவின் பாதம் பட்ட நீரைச் சீடர் அருந்துவார். சரண் பாஹுல் எனப்பட்ட இவ்வழக்கத்தை பாய் குர்தாஸ் 'வார்' எனும் தம் பாடல்களில் குறிப்பிடுகிறார். எதிரே நிற்பவரைக் குரு ஏற்றுக்கொண்டால் போதும், வேறு தேர்வு இல்லை. சமூகம் பரவப் பரவ, குருவின் சார்பில் ஊர்தோறும் மசந்துகள் அமர்த்தப்பட்டனர். காணிக்கை திரட்டுவதோடு சரண் பாஹுல் தருவதும் அவர்கள் கைக்கு வந்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அவர்களில் பலர் தமக்கெனச் சீடர் கூட்டம் சேர்த்து, காணிக்கையையும் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள். குரு கோவிந்த் சிங் அந்த அமைப்பையே ஒழித்தார்.

1699 வைசாகியன்று ஆனந்த்பூரில் நடந்ததை மரபு இப்படிச் சொல்கிறது. உருவிய வாளோடு கூட்டத்தின் முன் நின்ற குரு, ஒரு தலை வேண்டும் என்றார். லாகூரைச் சேர்ந்த தயா ராம் எழுந்தார். பிறகு அஸ்தினாபுரத்து ஜாட் தரம் தாஸ், பூரி ஜகந்நாதத்திலிருந்து வந்த தண்ணீர் சுமக்கும் ஹிம்மத் ராய், துவாரகையின் துணி அச்சடிக்கும் மோகம் சந்த், பீதரின் நாவிதர் சாஹிப் சந்த். இவர்களிடம் எத்தனை பாணி மனப்பாடம், என்னென்ன கெட்ட பழக்கம் என்று யாரும் விசாரிக்கவில்லை. உயிரைத் தருவேன் என்று எழுந்து நின்றதுதான் அவர்களுடைய ஒரே தகுதி. இரும்புப் பாத்திரத்து நீரில் பதாசா எனும் சர்க்கரை மிட்டாயைக் கரைத்து, கண்டா என்ற இருமுனை வாளால் கலக்கிய அமிர்தத்தைக் குரு அவர்களுக்குக் கொடுத்தார். பிறகு அதே ஐவர் முன் தாமே மண்டியிட்டு அதைக் கேட்டுப் பெற்றார். இந்த இரண்டாவது செயலுக்கு ஆய்வாளர்கள் இன்னும் அதிக கவனம் கொடுத்திருக்க வேண்டும். தகுதியை முடிவு செய்யும் உரிமை ஒரு மனிதரிடமிருந்து ஐவருக்கு மாறியது அந்தக் கணத்தில்தான். அந்த ஐவரும் தகுதி நிரூபித்துவிட்டு வந்தவர்கள் அல்லர். சற்று முன்புதான் தீட்சை பெற்றவர்கள்.

அரசவைப் புலவர் சைனாபதியின் 'ஸ்ரீ குர் சோபா' இந்நிகழ்ச்சிக்கு மிக நெருங்கிய காலத்து நூல். தலை கேட்ட காட்சி அதில் விரிவாக இல்லை. பிந்தைய நூல்களில்தான் அது முழு உருவம் பெறுகிறது. சைனாபதி அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. இறப்புச் சடங்கில் தலை மழிக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்ற ஆணையை டில்லியின் கத்ரி வணிகக் குடும்பங்கள் பல ஏற்கவில்லை. ஊரில் பிளவும் விலக்கலும் நேர்ந்தன. அக்காலத்தில் 'தயாராக இருப்பது' என்றால் உறவையும் சாதிச் சடங்கையும் விட்டுவரும் துணிவு என்றே பொருள் இருந்தது. உள்ளம் தூய்மையானதா என்ற கேள்வி அங்கே முன்னுக்கு வரவில்லை.

18ஆம் நூற்றாண்டில் அந்தத் துணிவின் விலை ஏறியது. 1716இல் சீக்கியப் படைத்தலைவர் பந்தா பகதூர் கொல்லப்பட்டபின், முடி வளர்த்த சீக்கியரின் தலைக்கு முகலாய ஆளுநர்கள் பரிசு அறிவித்தார்கள். அமிர்தம் எடுத்தவர் காட்டுக்குப் போனார். எடுக்காதவர் ஊரிலிருந்து கொண்டே உணவும் செய்தியும் அனுப்பினார். சஹஜ்தாரியான திவான் கௌரா மல் லாகூர் நிர்வாகத்தில் இருந்தபடியே, அமிர்தம் எடுத்தோர் சமூகமான கால்சாவைக் காத்தார். அவரை யாரும் பக்குவம் வராதவர் என்று எண்ணியதாகத் தெரியவில்லை. சஹஜ்தாரி என்றால் கால்சாவை நோக்கி மெல்ல நடந்து வருபவர் என்ற விளக்கம் பின்னால் சிங் சபைச் சீர்திருத்தவாதிகளின் காலத்தில் வலுப்பெற்றது. இரு வாழ்க்கை முறைகளாக இருந்தவை ஒரே ஏணியின் இரு படிகளாயின. கீழ்ப்படியில் நிற்பவர் தன்னைக் குறைவாக நினைக்கத் தொடங்கியது இங்கிருந்துதான் என்று கருதுகிறேன்.

அந்நூற்றாண்டின் ரஹித்நாமாக்கள் ஒழுக்க விதிகளைப் பட்டியலிட்டன. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. சௌபா சிங் ரஹித்நாமா, பெண்ணுக்குக் கண்டா பாஹுல் எனும் அமிர்த தீட்சை தருபவரையே குற்றவாளியாக்குகிறது. பாதிச் சமூகத்தின் தகுதி, அவர்களைக் கேட்காமலே மறுக்கப்பட்டது.

பிரிட்டிஷ் ஆட்சியில் அளவுகோல் எதிர்பாராத ஒரு கைக்குப் போனது. படையில் சேரும் சீக்கியர் பாஹுல் எடுத்தவராக இருக்க வேண்டும் என்று அதிகாரிகள் வலியுறுத்தினார்கள். எடுக்காதவருக்குப் படைப்பிரிவிலேயே சடங்கு நடந்தது. 1896இல் கேப்டன் ஃபால்கன் எழுதிய கையேடு, உண்மையான சீக்கியரை இனங்காண இதையே அடையாளமாக வைத்தது. ஆள் சேர்க்கும் அதிகாரி தயார் என்றால் தயார். இதை வெறும் காலனிய உத்தி என்று ஒதுக்குவோரோடு நான் முழுக்க உடன்படவில்லை. சம்பளத்துக்காக எடுத்த பலர் ஊர் திரும்பியபின் அதை விடாமல் காத்தார்கள். காரணம் எதுவாயினும் ஒழுக்கம் வேர்விட்டது. இதே காலத்தில் துலீப் சிங்கின் கதை நேரெதிரான வழியில் போகிறது. 1853இல் பையனாகக் கிறிஸ்தவத்தில் சேர்க்கப்பட்ட அந்தப் பஞ்சாபின் கடைசி மகாராஜா, இந்தியா திரும்பும் வழியில் ஏடனில் தடுத்து நிறுத்தப்பட்டபோது, 1886 மே மாதம் அங்கேயே பாஹுல் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 47. நாடும் மாளிகையும் கைவிட்டுப்போன பிறகு அவர் எடுத்த முடிவு அது.

1873இல் அமிர்தசரஸில் தொடங்கிய சிங் சபை இயக்கம் சடங்கை அச்சேற்றியது. ஆனால் தகுதிக் கேள்வியை உண்மையில் உடைத்தவர்கள் தாழ்த்தப்பட்டோராக நடத்தப்பட்ட மக்கள். 1920 அக்டோபர் 12 அன்று, ஜாலியன்வாலா பாகில் அமிர்தம் எடுத்த அவர்களைக் கால்சா கல்லூரி ஆசிரியர்கள் பொற்கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். அவர்கள் கொண்டுவந்த கடா பிரசாதத்தை ஏற்க அர்ச்சகர்கள் மறுத்தார்கள். வாதம் முற்றியது, புனித நூலான குரு கிரந்த சாஹிபைத் திறந்து ஹுகம், அதாவது கட்டளை, கேட்பது என்று முடிவாயிற்று. வந்த பக்கம் தகுதியற்றோரையும் அருள் ஏற்கும் என்ற பொருளில் அமைந்திருந்தது. பிரசாதம் ஏற்கப்பட்டது. அடுத்த மாதமே சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி அமைந்தது. தகுதியைப் பிறப்பால் அளந்த கடைசிக் கை அன்று விலகியது என்று சொல்ல ஆசைதான். ஆனால் கிராமங்களில் தாழ்த்தப்பட்ட சாதியினரான மசபி சீக்கியருக்குத் தனி குருத்வாராக்கள் இன்னும் இருக்கின்றன.

1936இல் தாழ்த்தப்பட்டோரின் தலைவரான அம்பேத்கர் சீக்கியத்தைப் படித்துவர 13 பேரை அமிர்தசரஸுக்கு அனுப்பினார். போனவர்கள் படித்துவருவதற்குப் பதிலாகச் சீக்கியராகவே திரும்பினார்கள். எச்சரிக்கையான தலைவரும் காத்திருக்க முடியாத தொண்டரும் இந்த ஒரு சம்பவத்தில் எதிரெதிரே நிற்கிறார்கள்.

1945இல் இறுதி வடிவம் பெற்ற ஒழுக்க விதித்தொகுப்பான சீக் ரஹித் மரியாதா கேட்பதை உற்றுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். எந்த நாடு, மதம், சாதியைச் சேர்ந்த ஆணும் பெண்ணும் அமிர்தம் எடுக்கலாம். மிகச் சிறு வயதாக இருக்கக் கூடாது, விவரம் தெரிந்திருக்க வேண்டும். தலைக்குக் குளித்து, ஐந்து ககாரங்கள் எனும் அடையாளப் பொருள்களோடு வர வேண்டும். முன்தகுதி அவ்வளவே. குறைந்தது ஆறு அமிர்ததாரிகள் வேண்டும். ஒருவர் குரு கிரந்த சாஹிபின் முன் இருப்பார், ஐவர் தீட்சை தருவார்கள், அவர்களில் பெண்களும் இருக்கலாம். வலது முழங்கால் தரையில் ஊன்றி, இடது முழங்காலை நிமிர்த்தி அமர்ந்தவர், ஐந்து முறை கைகளில் வாங்கி அருந்துவார். ஐந்து முறை கண்களிலும் ஐந்து முறை தலைமுடியிலும் தெளிப்பார்கள். மீந்ததை எல்லோரும் ஒரே பாத்திரத்தில் மாறி மாறிக் குடிப்பார்கள். அதற்குப் பிறகே தினசரி பாணிகளும், முடியைச் சிதைத்தல், குத்தா (இஸ்லாமிய முறையில் அறுத்த) இறைச்சி உண்ணல், பிறன்மனை நாடல், புகையிலை ஆகிய நான்கு விலக்குகளும் விளக்கப்படுகின்றன. இந்த வரிசை தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை. ஒழுக்கம் தீட்சையிலிருந்து தொடங்குகிறது.

இன்றைய அமைப்புகளில் நிலை ஒரே மாதிரி இல்லை. அகண்ட கீர்த்தனி ஜத்தாவில் தீட்சை வேண்டுவோர் ஐவர் முன் 'பேஷ்' ஆக, அதாவது நேரில் வந்து நிற்க, வேண்டும். அவர்கள் கேள்வி கேட்டு, சிலரைக் காத்திருக்கச் சொல்வதும் உண்டு. வேறு இடங்களில், பெரிய கூட்டங்களில் நூற்றுக்கணக்கானோர் ஒரே நாளில் எடுக்கிறார்கள். இரண்டுக்கும் 1699இல் சான்று காட்டலாம்: ஐவர் ஒருவர் ஒருவராக எழுந்தார்கள், அதன்பின் திரள் திரளாக மக்கள் எடுத்தார்கள்.

தவறிவிட்டால் என்ன என்ற அச்சத்துக்கும் அதே மரியாதாவில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நான்கு விலக்குகளில் ஒன்றை மீறியவர் மீண்டும் அமிர்தம் எடுக்கலாம். சிறு தவறு செய்தவர் சங்கத்தின் முன் கைகூப்பி ஒப்புக்கொண்டால், ஐவர் அவருக்குத் தன்கா எனும் தண்டனை விதிப்பார்கள். அது பெரும்பாலும் கையால் செய்யக்கூடிய சேவையாக இருக்க வேண்டும் என்கிறது விதி. மன்னிப்பதில் பிடிவாதம் காட்டக் கூடாது என்று சங்கத்துக்கும், தண்டனையை ஏற்பதில் வாதாடக் கூடாது என்று தவறியவருக்கும் அது ஒரே மூச்சில் சொல்கிறது. 'நான் தயாராகவில்லை' என்பவரிடம் முதலில் காட்ட வேண்டிய பக்கம் இதுதான்.