வயது வந்தோருக்கு மட்டும்



போன வாரம் பேரன் டிவியில் ஒரு படம் போட்டான். மூலையில் 'யு/ஏ 16+' என்று வந்தது. "தாத்தா, இதையெல்லாம் யாரு முடிவு பண்றாங்க?" என்றான். எட்டாம் வகுப்புப் பையன். படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தேன். சுருக்கமாகச் சொல்வது எனக்கு வராது என்று உங்களுக்கே தெரியும். அவனிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

நம் நாட்டில் சினிமாவுக்குச் சட்டம் வந்தது 1918-ல். 1920-ல் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் அமைந்தன. அதிகாரம் போலீஸ் கமிஷனர் கையில். வெள்ளைக்காரனுக்கு நம் பிள்ளைகளைப் பற்றி அப்படியொன்றும் கவலை இல்லை. ஹாலிவுட் படங்களில் வெள்ளைக்காரப் பெண்கள் முத்தமிடுவதை இந்தியர்கள் பார்த்தால் ஆள்கிறவர்களின் மதிப்பு என்ன ஆவது என்பதுதான் பெரிய கவலை. 1927-ல் விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். தலைவர் சென்னை வக்கீல் திவான் பகதூர் டி.ரங்காச்சாரியார். 353 பேரிடம் சாட்சியம் கேட்ட அந்தக் குழு, பயம் மிகைப்படுத்தப்பட்டது என்றே எழுதியது.

வயதுக்கோடு சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது. 1949 திருத்தத்தில் 'யு', 'ஏ' என்று இரண்டு சான்றிதழ்கள். 1952 சட்டத்தில் 18 வயது நிறைந்தவரே 'வயது வந்தவர்'. தமிழில் முதன்முதலில் 'ஏ' வாங்கிய படம் எது தெரியுமா? 1951-ல் வந்த எம்.ஜி.ஆரின் 'மர்மயோகி'! காரணம் ஆபாசம் இல்லை, பேய். பிள்ளைகள் பயந்துவிடுவார்களாம்.

1954-ல் டெல்லியில் 13,000 பெண்கள் கையெழுத்திட்டு, சினிமா பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று பிரதமர் நேருவிடம் மனுக் கொடுத்தார்கள். அந்தத் தாய்மார்களின் கவலையை நான் கேலி செய்ய மாட்டேன். பிறகு கே.ஏ.அப்பாஸ் வழக்கு. நான்கு நகரங்களைப் பற்றிய அவருடைய குறும்படத்தில் பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதி வந்ததால் 'ஏ' கொடுத்தார்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1970-ல் தலைமை நீதிபதி ஹிதயதுல்லா, படங்களை வயது பார்த்துப் பிரிப்பது செல்லும் என்றார். பாலுறவைக் காட்டுவதெல்லாம் ஆபாசம் ஆகிவிடாது என்றும் அதே தீர்ப்பில் சொன்னார். முதல் பாதி மட்டும்தான் ஊருக்குள் வந்து சேர்ந்தது.

சட்டத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 'ஏ' படத்தைப் பதினெட்டு ஆகாதவனுக்குக் காட்டினால் குற்றவாளி, காட்டியவர். பார்த்த பையன் அல்ல. தியேட்டர்காரருக்குத்தான் தண்டனை. ஆனால் டிக்கெட் கிழிப்பவர் எந்தக் காலத்தில் வயது கேட்டார்? மீசை அரும்பியிருந்தால் போதும். போஸ்டரோ தெருவில் எல்லா வயதுக்கும் இலவசம். அதில் பெரிதாகப் போட்ட 'ஏ', எச்சரிக்கை என்பது போய் விளம்பரம் ஆகிவிட்டது.

இனி பேரனிடம் சொல்லாதது.

1978-ல் ஐ.வி.சசி எடுத்த 'அவளுடே ராவுகள்' மலையாளப் படம் எங்கள் ஊர் டாக்கீஸுக்கும் வந்தது. கதாநாயகி சட்டை மட்டும் அணிந்து நிற்கும் போஸ்டரைப் பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் ஒட்டியிருந்தார்கள். பத்தாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் மேட்னி போனதாக டீக்கடையில் காதில் விழுந்தது. மறுநாள் காலை வழிபாட்டில், அத்தனை பேர் முன்னிலையில், படத்தின் பெயரைச் சொல்லி மூவரையும் பிரம்பால் அடித்தேன். இரண்டு பேர் கையைத் தேய்த்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள். மூன்றாமவன் அடுத்த திங்கட்கிழமை வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். நான் வீட்டுக்குப் போய் விசாரிக்கவில்லை. டிக்கெட் கொடுத்தவர் தினமும் அதே டீக்கடையில் எனக்கு வணக்கம் சொல்பவர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வகுப்பில் குடிமையியல் நடத்துகிறவன் செய்த வேலை இது.

பல வருடம் கழித்து அந்தப் படத்தைப் பார்த்தேன். தம்பியைப் படிக்க வைப்பதற்காக உடலை விற்கும் ஒரு பெண்ணின் கதை. அந்தப் பையனுக்கும் ஓர் அக்கா உண்டு, மில் வேலைக்குப் போய் அவனுக்கு ஃபீஸ் கட்டியவள். அவன் எதற்காகப் போனானோ, எதைப் பார்த்துவிட்டு வந்தானோ! நான் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

1983-ல் 'யுஏ' வந்தது. 2021-ல் ஓடிடிக்கு விதிகள், 2023 திருத்தத்தில் 7, 13, 16 என்று மூன்று படிகள். கோடுகள் வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன். போனில் கிடைக்கிற சமாச்சாரங்களுக்கு முன்னால் அந்தக் காலத்து மேட்னி ஒன்றுமே இல்லை. அங்கே டிக்கெட் கிழிக்கவும் ஆள் இல்லை, 'எனக்கு 18 ஆகிவிட்டது' என்று ஒரு பட்டனை அழுத்தினால் திறந்துவிடுகிறது. பேரனிடம் அதைப் பற்றியும் கேட்டேன், பிரம்பில்லாமல். கொஞ்ச நேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு பேசினான். என்ன சொன்னான் என்பது எங்கள் இருவருக்குள் இருக்கட்டும்.

அந்த மூன்றாமவனின் பெயரை இங்கே எழுத மாட்டேன். அந்த வருடத்து மாணவர்களுக்குத் தெரியும். அவனுடைய நம்பர் யாரிடமாவது இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள் அப்பா.