ராமச்சந்திரன்னா எந்த ராமச்சந்திரன்? ஒரே பெயரில் இத்தனை பிரபலங்கள்... இனிஷியலை விட்டா என்ன ஆகும்?

ராமச்சந்திரன் என்று சொன்னதும் தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்களுக்கு வெள்ளைத் தொப்பியும் கருப்புக் கண்ணாடியும்தான் கண் முன்னால் வரும். ஆனா உயிர்வேதியியல் படிக்கிற மாணவரிடம் இதே பெயரைச் சொன்னா 'ராமச்சந்திரன் பிளாட்' என்பார். மூளை நரம்பியல் படிக்கிறவர், கண்ணாடிப் பெட்டி வைத்து வலியைக் குறைத்த டாக்டரைச் சொல்வார். பழைய பட ரசிகருக்கு 'சபாபதி' ஞாபகம் வரும்.

எல்லோருமே ராமச்சந்திரன்தான். எல்லோருமே வேற வேற ஆள்.

யார் யார் இந்த ராமச்சந்திரன்கள்? ஒருத்தரை இன்னொருத்தரிடம் இருந்து எப்படிப் பிரித்துப் பார்ப்பது? பெயர்க் குழப்பம் சின்ன விஷயம்தானா? பார்க்கலாம்.

சுருக்கமாக:

• தமிழ்ப் பெயரில் குடும்பப் பெயர் பெரும்பாலும் கிடையாது. ஆளை அடையாளம் காட்டுவது இனிஷியல், ஊர், பட்டப்பெயர்.
• எம்.ஜி. ராமச்சந்திரன், டி.ஆர். ராமச்சந்திரன், ஜி.என். ராமச்சந்திரன், வி.எஸ். ராமச்சந்திரன்: நாலு பேரும் அவரவர் துறையில் பெரிய பெயர்கள்.
• இனிஷியலும் ஒன்றாகவே இருக்கும் ராமச்சந்திரன்களும் உண்டு.
• பெயர்க் குழப்பம் தேர்தலில் வெற்றி தோல்வியையே மாற்றக்கூடியது. அதற்குச் சட்ட விதியும் இருக்கிறது.

1917-ல் பிறந்த இரண்டு ராமச்சந்திரன்கள்

முதலில் சினிமாவிலிருந்து தொடங்குவோம். எம்.ஜி. ராமச்சந்திரன் பிறந்தது 1917 ஜனவரி 17, இலங்கையின் நாவலப்பிட்டியில். டி.ஆர். ராமச்சந்திரனும் அதே 1917-ல் பிறந்தவர்தான். கரூர் அருகே திருக்காம்புலியூர் இவருடைய ஊர்.

இரண்டு பேரில் முதலில் ஹீரோவாகப் பெயர் வாங்கியது யார் தெரியுமா? டி.ஆர். ராமச்சந்திரன். 1941-ல் வெளிவந்த ஏவி.எம்.மின் 'சபாபதி' படத்தில் இவர்தான் நாயகன். வெகுளியான பணக்காரப் பையனாக இவரும், வேலைக்காரராக காளி என். ரத்தினமும் அடிக்கும் கூத்து இன்றைக்கும் சிரிக்க வைக்கும். வைஜெயந்திமாலா அறிமுகமான 'வாழ்க்கை' (1949) படத்திலும் இவர் நடித்தார்.

எம்ஜிஆர் 1936-ல் 'சதிலீலாவதி'யில் அறிமுகமானாலும், பல ஆண்டுகள் சின்னச் சின்ன வேடங்கள்தான். நாயகனாக அவருக்குத் திருப்பம் தந்தது 1947-ல் வந்த 'ராஜகுமாரி'. அந்தக் காலப் படங்களின் டைட்டிலைக் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். அதில் அவர் பெயர் 'எம்.ஜி. ராம்சந்தர்' என்று வரும். ஏற்கெனவே ஒரு ராமச்சந்திரன் பிரபலமாக இருந்ததால்தான் இப்படி மாற்றி எழுதினார்கள் என்று சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் இந்தப் பெயருக்கே சொந்தக்காரர் போல ஆகிவிட்டவர், ஆரம்பத்தில் பெயரை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது!

காலம் மாறியது. 1966-ல் ஏவி.எம். எடுத்த 'அன்பே வா'வில் எம்ஜிஆர் ஹீரோ. அதே படத்தில் டி.ஆர். ராமச்சந்திரன் குணச்சித்திர வேடத்தில் வருவார். அதற்குள் ஒருத்தர் 'எம்ஜிஆர்' என்ற மூன்றெழுத்தாகவே மாறிவிட்டார். அதனால் குழப்பமே இல்லை. 1972-ல் அதிமுகவைத் தொடங்கி, 1977-ல் முதல்வராகி, 1987 டிசம்பர் 24-ல் மறையும்போதும் முதல்வராகவே இருந்தார். மறைவுக்குப் பின் 1988-ல் பாரத ரத்னா.

உங்கள் தோலிலும் எலும்பிலும் இருக்கும் ராமச்சந்திரன்

அடுத்தவர் விஞ்ஞானி. பெயர் ஜி.என். ராமச்சந்திரன். 1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். அப்பா கணிதப் பேராசிரியர். நோபல் பரிசு பெற்ற சி.வி. ராமனிடம் பெங்களூருவில் ஆராய்ச்சி செய்தவர். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு வயது 30 கூட நிறையவில்லை.

சென்னையில் அவர் கையில் எடுத்த விஷயம் கொலாஜன். நம் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் புரதம் இது. உடம்பில் அதிகமாக இருக்கும் புரதமும் இதுதான். இதன் வடிவம் எப்படி இருக்கும் என்று உலகமே தேடிக்கொண்டிருந்த நேரம். மூன்று இழைகள் ஒன்றை ஒன்று பின்னிக்கொண்டு கயிறு திரித்த மாதிரி இருக்கும் என்று 1950-களின் நடுவில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் காட்டினார்கள். இந்த வேலை நடந்தது சென்னையில்.

அடுத்து 1963. சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து அவர் வெளியிட்டதுதான் 'ராமச்சந்திரன் பிளாட்'. அது என்ன? புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இடங்களில் திரும்பும். ஆனா இஷ்டத்துக்குத் திரும்ப முடியாது, அணுக்கள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொள்ளும். எந்தக் கோணத்தில் திரும்பலாம், எதில் முடியாது என்று ஒரே வரைபடத்தில் காட்டுவதுதான் இந்த பிளாட். ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லும் விஞ்ஞானிகள், அது சரியா என்று பார்க்க இன்றைக்கும் இந்த வரைபடத்தில் பொருத்திப் பார்க்கிறார்கள்.

இன்னொரு சுவாரஸ்யம். எம்ஜிஆர் முதல்வரான அதே 1977-ல்தான் ஜி.என். ராமச்சந்திரன் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோவாகத் தேர்வானார். ஒரே பெயர், ஒரே ஆண்டு. ஒரு செய்தி ஊர் முழுக்கத் தெரியும், இன்னொன்று வகுப்பறையோடு நின்றுவிட்டது. 2001-ல் சென்னையில் மறைந்தார்.

இல்லாத கையின் வலியைக் குறைத்தவர்

மூன்றாவது துறை மூளை. வி.எஸ். ராமச்சந்திரன் 1951-ல் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் ஆய்வுப் பட்டம் வாங்கி, அமெரிக்காவின் சான் டியேகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

விபத்தில் கையை இழந்த சிலருக்கு, இல்லாத அந்தக் கையில் வலிக்கும். விரல்கள் இறுக்கி மூடிக்கொண்டு திறக்கவே முடியாத மாதிரி இருக்கும். 1990-களில் இவர் இதற்கு ஒரு சாதாரணக் கண்ணாடியைப் பயன்படுத்தினார். பெட்டிக்குள் நடுவில் கண்ணாடி. நல்ல கையை ஒரு பக்கம் வைத்தால், அதன் பிம்பம் இழந்த கை இருந்த இடத்தில் தெரியும். நல்ல கையை விரித்தால், 'இல்லாத கையும்' விரிவதாக மூளை நம்புகிறது. சிலருக்கு வலி குறைந்தது. 'மிரர் தெரபி' என்று இப்போது சொல்வது இதைத்தான். பக்கவாதம் வந்தவர்களுக்கும் இந்தப் பயிற்சி தரப்படுகிறது. 2007-ல் இவருக்கு பத்மபூஷண் வழங்கப்பட்டது.

ஒரு எழுத்து விட்டா ஆளே மாறிடும்

ஜி.என். ராமச்சந்திரனில் 'என்'னை விட்டுவிட்டால் ஜி. ராமச்சந்திரன். அவர் முற்றிலும் வேறொருவர். காந்தியவாதி. மருத்துவர் டி.எஸ். சௌந்தரத்துடன் சேர்ந்து 1947-ல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியவர். இன்றைய காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்துக்கு விதை போட்டது இந்தத் தம்பதிதான்.

சரி, இனிஷியலும் ஒன்றாக இருந்தால்? அதுவும் நடந்திருக்கிறது. டி.என். ராமச்சந்திரன் என்று இரண்டு அறிஞர்கள். ஒருவர் இந்தியத் தொல்லியல் துறையில் உயர் பொறுப்பில் இருந்தவர். காஞ்சிபுரம் அருகே திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயில் பற்றியும், நாகப்பட்டினத்தில் கிடைத்த பௌத்தச் செப்புத் திருமேனிகள் பற்றியும் எழுதியவர். இன்னொருவர் தஞ்சாவூர்க்காரர். பெரியபுராணத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், 2021-ல் மறைந்தார். இவரை எப்படிப் பிரித்துச் சொல்வார்கள்? 'சேக்கிழார் அடிப்பொடி' டி.என். ராமச்சந்திரன். இனிஷியலால் முடியாததை பட்டப்பெயர் செய்கிறது.

அரசியலில் இந்த வேலையை ஊர் செய்யும். பண்ருட்டி ராமச்சந்திரன், சாத்தூர் ராமச்சந்திரன் என்றால் யாரும் குழம்புவதில்லை. இத்தனைக்கும் இருவருமே எம்ஜிஆர் ஆட்சிக்காலத்தில் அமைச்சர்களாக இருந்தவர்கள். முதல்வரும் ராமச்சந்திரன், அமைச்சர்களும் ராமச்சந்திரன்!

இனிஷியலுக்குள் என்ன இருக்கு?

எம்.ஜி.ஆரில் 'எம்' என்பது மருதூர், 'ஜி' என்பது அப்பா கோபாலன். ஜி.என்.ஆரில் 'ஜி' என்பது கோபாலசமுத்திரம் என்ற ஊர், 'என்' என்பது அப்பா நாராயணன். கவனித்தீர்களா? ஒருத்தருக்கு 'ஜி' அப்பா, இன்னொருத்தருக்கு 'ஜி' ஊர். வி.எஸ். ராமச்சந்திரனுக்கு 'வி' என்பது விளையனூர், 'எஸ்' என்பது அப்பா சுப்பிரமணியன்.

நம் ஊரில் இது எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டில் புரியாது. அங்கே கடைசியில் வரும் பெயர்தான் குடும்பப் பெயர். பாஸ்போர்ட் எடுக்கும்போதும் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள். அதனால் அப்பா பெயர் கடைசிக்குப் போய், அதுவே நம்மைக் கூப்பிடும் பெயராகிவிடும்.

சிறந்த உதாரணம், 2009-ல் வேதியியல் நோபல் பெற்ற, சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். உலகப் பத்திரிகைகள் 'ராமகிருஷ்ணன்' என்றே எழுதின. ஆனா அவர் பெயர் வெங்கட்ராமன். ராமகிருஷ்ணன் என்பது அவர் அப்பா பெயர். அப்பாவும் விஞ்ஞானிதான் என்பது கூடுதல் குழப்பம்.

இதோடு எழுத்து வேறுபாடும் சேர்கிறது. ராமச்சந்திரன், இராமச்சந்திரன், ராமசந்திரன் என்று மூன்று விதமாக எழுதுகிறோம். ஒன்றைத் தேடினால் மற்றது கண்ணில் படாமல் போகலாம்.

வாக்குச்சீட்டில் வந்தால் விபரீதம்

பெயர் ஒன்றாக இருப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தேர்தல்தான் சாட்சி. 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றார். அதே தொகுதியில், அதே இனிஷியலோடு, அதே பெயரில் வேறு சிலரும் மனு தாக்கல் செய்தார்கள். பலாப்பழம் சின்னத்தைச் சொல்லிச் சொல்லித்தான் அவர் வாக்கு கேட்க வேண்டியிருந்தது. முடிவில் இரண்டாம் இடம் பிடித்தார்.

கேரளாவில் இது தோல்வி வரைக்கும் போயிருக்கிறது. 2004-ல் ஆலப்புழாவில் காங்கிரஸின் வி.எம். சுதீரன் தோற்றது 1,009 வாக்கு வித்தியாசத்தில். அதே தொகுதியில் ஒரே ஒரு எழுத்து மாறிய வி.எஸ். சுதீரன் என்ற சுயேச்சைக்கு 8,000-க்கும் அதிகமான வாக்குகள் விழுந்தன.

இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? 1961-ம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளின்படி, இரண்டு வேட்பாளர்களுக்கு ஒரே பெயர் இருந்தால், தொழிலையோ வசிக்கும் இடத்தையோ சேர்த்தோ, வேறு வகையிலோ வேறுபடுத்திக் காட்ட வேண்டும். 'பண்ருட்டி', 'சாத்தூர்' என்று நாம் பேச்சுவழக்கில் செய்வதைத்தான் சட்டமும் செய்யச் சொல்கிறது. 2015 முதல் வேட்பாளர் புகைப்படமும் இயந்திரத்தில் இடம்பெறுகிறது.

ஒரே பெயர்க்காரர்களைப் போட்டியிடவே விடாமல் தடுக்க முடியாதா? 2024 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் இப்படி ஒரு மனு வந்தது. பெற்றோர் வைத்த பெயருக்காக ஒருவரின் போட்டியிடும் உரிமையைத் தடுக்க முடியுமா என்று கேட்ட நீதிமன்றம், மனுவை விசாரிக்க மறுத்துவிட்டது.

அப்போ எப்படிச் சரிபார்ப்பது?

அடுத்த முறை வாட்ஸ்அப்பில் 'ராமச்சந்திரன் சொன்னது', 'ராமச்சந்திரன் கண்டுபிடித்தது' என்று ஏதாவது வந்தால், ஃபார்வர்டு செய்யும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

1. இனிஷியல் இருக்கிறதா? ஜி, ஜி.என், வி.எஸ், எம்.ஜி: ஒரு எழுத்தில் ஆள் மாறிவிடும்.
2. ஆண்டு பொருந்துகிறதா? பிறந்த ஆண்டையும் சம்பவம் நடந்த ஆண்டையும் ஒப்பிட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.
3. படம் யாருடையது? பெயர் சரியாக இருந்து, படம் வேறொருவருடையதாக இருப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

படிவம் நிரப்பும்போதும் இதே கவனம் வேண்டும். ஆதார், பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் மூன்றிலும் இனிஷியலும் அதன் விரிவும் ஒரே மாதிரி இருந்தால்தான் பின்னால் அலைச்சல் இருக்காது.

ஒரு பெயரில் எத்தனை பேர் பிரபலமானாலும், அதிகம் தெரிந்த முகம் மற்றவர்களை மறைத்துவிடும். சென்னையில் உட்கார்ந்து கொலாஜனின் முடிச்சை அவிழ்த்தவர் அப்படி மறைந்து நிற்கிறவர்களில் ஒருவர். அவரை வெளியே கொண்டுவர ரெண்டே எழுத்து போதும்: ஜி.என்.