'பாப்': ஒலியிற் பிறந்த சொல்லும் சுருக்கத்திற் பிறந்த சொல்லும்

ஒரு சொல் நாளடைவில் பல பொருள்களைப் பெறுவதும், உறவில்லாத பல சொற்கள் ஒரே வடிவத்தில் வந்து நிற்பதும் மொழிநூலார் வேறுபடுத்திக் காணும் இரு நிகழ்வுகள். முன்னதை அகராதி ஒரே தலைச்சொல்லின்கீழ் எண்ணிட்டுத் தரும். பின்னதைத் தனித்தனித் தலைச்சொற்களாகப் பிரிக்கும். ஆங்கிலத்தின் 'பாப்' என்னும் சிறு சொல் இப்பாகுபாட்டுக்கு எளிதில் அடங்குவதில்லை. வேரால் வேறான சொற்கள் மக்கள் செவியில் ஒன்றாகிவிட்ட நிலையை அதன் வரலாறு காட்டுகிறது. இசை, ஓவியம், தின்பண்டம், கணினி எனப் பல வழிகளில் அது தமிழுக்குள் வந்துவிட்டமையால், இவ்வரலாறு மொழிபெயர்ப்பாளர்க்கும் வேண்டப்படுவதாகிறது.

அகராதிகள் இவ்வடிவத்துக்கு மூன்று முதன்மை வேர்களைக் காட்டும். ஒன்று ஒலிக்குறிப்பு. மற்றொன்று இலத்தீன மூலம் கொண்ட 'பாப்புலர்' என்பதன் முதலசைச் சுருக்கம். மூன்றாவது 'பப்பா' என்னும் தந்தைப் பெயரின் குறுக்கம். மூன்றாவது அமெரிக்க வழக்கில் பெருகியது. கணவனும் மனைவியுமாக நடத்தும் சிறு கடையைத் 'தாய் தந்தை கடை' எனப் பொருள்படும் தொடரால் அங்கே குறிப்பர். சென்னை வழக்கிலுள்ள 'அண்ணாச்சி கடை' இதற்கு நேரான பொருளுடையதன்று. எனினும் உறவுப்பெயரால் கடையைச் சுட்டும் மனப்பாங்கு ஒன்றே. மின்னஞ்சல் துறையில் வழங்கும் 'பாப்' (1984) மூன்று சொற்களின் முதலெழுத்துத் தொகுப்பே. அதனை இவ்வாராய்ச்சியில் சேர்க்க வேண்டுவதில்லை.

ஒலிக்குறிப்பே மூவற்றுள் பழையது. இடைக்கால ஆங்கிலத்தில் அடி, குத்து என்ற பொருளில் தோன்றி, பின் சிறு வெடிப்போசையைக் குறித்தது. 17ஆம் நூற்றாண்டில் சிறுவரின் காற்றுத் துப்பாக்கி இதனால் பெயர் பெற்றது. ஓசையிலிருந்து விரைவுக்கும், விரைவிலிருந்து எதிர்பாராமைக்கும் பொருள் நகர்ந்தது. தனக்கும் அரியணைக்கும் இடையே சிற்றப்பன் திடுமெனப் புகுந்துவிட்டதைச் சொல்ல, ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் இவ்வினையையே ஆள்கிறான். அங்கே ஓசை ஏதுமில்லை. திடீர்த்தன்மை மட்டுமே எஞ்சியுள்ளது. தொல்காப்பியர் இசை, குறிப்பு, பண்பு எனப் பகுத்த முறையை இங்கே பொருத்திப் பார்த்தால், இசைப்பொருளில் பிறந்த சொல் குறிப்புப் பொருளுக்கு ஏறிய நிலை எனலாம்.

18ஆம் நூற்றாண்டில் அடகு வைத்தல் என்ற கொச்சைப் பொருளும் இவ்வினைக்கு ஏற்பட்டது. 1853இல் இலண்டனில் பெருவழக்குப் பெற்ற ஆட்டமொன்றின் பெயரில் இவ்வினை மரநாய்வகைச் சிறு விலங்கொன்றோடு சேர்ந்து வருகிறது. அது தொழிலாளி தன் கருவியை அடகு வைத்ததைக் குறிக்கும் என்ற விளக்கம் பலராலும் சொல்லப்படுவது. விளக்கம் கேட்க நன்றாயிருக்கிறது, சான்றுதான் போதவில்லை.

குடிபானப் பெயராக இச்சொல் வந்த வழி தெளிவானது. சோடா நீருக்கும் இஞ்சிப் பானத்துக்கும் இடைப்பட்ட புதுப் பானம் ஒன்றைப் பற்றி 1812இல் எழுதிய கடிதத்தில், தக்கையைப் பிடுங்கும்போது எழும் ஓசையாலேயே அதற்கு அப்பெயர் என்று கவிஞர் ராபர்ட் சதி விளக்கம் தந்திருக்கிறார். பெயர்க் காரணம் பெயரோடு உடன் பதிவாவது சொல்வரலாற்றில் அரிது. அமெரிக்காவில் இதே வகைப் பானத்தை மத்திய மேற்குப் பகுதியினர் 'பாப்' என்றும், வடகிழக்குக் கரையினர் 'சோடா' என்றும், தென்மாநிலத்தார் எந்த நிறுவனத்தின் பானமாயினும் 'கோக்' என்றும் வழங்குவர். வட்டார வழக்காய்வாளர் எடுத்துக்காட்டும் புகழ்பெற்ற எல்லைக்கோடுகளுள் இதுவும் ஒன்று. ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர் 1870களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற குண்டடைப்புப் புட்டி இந்தியாவுக்கு வந்தபோது தமிழர் அதைக் 'கோலி சோடா' என்றனர். திறக்கும்போது அதிலும் ஓசை எழத்தான் செய்தது. ஆங்கிலம் காதுக்குப் பட்டதைக் கொண்டு பெயரிட்டது. தமிழ் கண்ணுக்குப் பட்டதைக் கொண்டு பெயரிட்டது.

இரண்டாம் வேரின் வரலாறு ஒரு முரணோடு தொடங்குகிறது. இலண்டன் செயின்ட் ஜேம்ஸ் மன்றத்தில் 1850களின் இறுதியில் திங்கட்கிழமைப் 'பாப்புலர்' இசையரங்குகள் தொடங்கின. ஒரு ஷில்லிங்குக்கும் இருக்கை கிடைத்தமையால் எளியோரும் செல்லக்கூடியனவாக அவை இருந்தன. நாவலாசிரியர் ஜார்ஜ் எலியட் 1862ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் 'திங்கள் பாப்' சென்றதாகக் குறிப்பிடுகிறார்; அங்கு அவர் கேட்டது பேத்தோவன் இசை. யோவாக்கிம், கிளாரா ஷூமன் போன்றோர் வாசித்த மேடை அது. ஆகவே சுருக்கச் சொல் பிறந்தபோது அது இசையின் தரத்தையோ வகையையோ சுட்டவில்லை. வாயில் யார்க்குத் திறந்திருந்தது என்பதைச் சுட்டியது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1885இல் தொடங்கிய மெல்லிய வாத்திய இசை நிகழ்ச்சிகள் பின்னர் 'பாப்ஸ்' எனவே பெயர் பெற்று இன்றும் நடைபெறுகின்றன. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாடலுக்கு அடைமொழியாகி, இசைத்தட்டு விற்பனை பெருகிய 1950களில் இளைஞர் இசைக்கு உரியதாகியது. பி.பி.சி. தொலைக்காட்சி 1964 முதல் 2006 வரை வாரந்தோறும் ஒளிபரப்பிய 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியின் தலைப்பில் அச்சொல் விற்பனை வரிசையையே குறித்தது. அனைவரும் வரலாம் என்ற பொருள் பலரும் வாங்குகின்றனர் என்ற பொருளாக மாறியது, ஏறத்தாழ நூறாண்டுகளில்.

இரு வேர்களும் வெளிப்படையாகச் சந்திக்கும் இடம் ஓவியத்துறையாகும். எடுவார்டோ பவுலோத்ஸி 1947இல் ஒட்டிய ஒட்டுப்படம் ஒன்றில், மலிவு இதழ் அட்டையிலுள்ள பெண்ணை நோக்கி நீட்டிய கைத்துப்பாக்கி 'பாப்!' என்று வெடிக்கிறது. அதே தாளின் கீழ்ப்பகுதியில் கோகோ கோலா விளம்பரமும் இடம்பெற்றுள்ளது. அங்கு அச்சொல் துப்பாக்கி ஓசையேயன்றிப் 'பாப்புலர்' என்பதன் சுருக்கமன்று. 1956இல் இலண்டன் ஒயிட்சாப்பல் கண்காட்சிக்கென ரிச்சர்ட் ஹாமில்டன் செய்த ஒட்டுப்படத்தில் தசைவீரன் ஒருவன் பெரிய குச்சிமிட்டாயை ஏந்தி நிற்கிறான். மிட்டாயுறையில் இதே மூன்றெழுத்து. இதுவும் சுருக்கமன்று, லாலிபாப்பின் ஈறு. ஆயினும் கலைவரலாற்று நூல்கள் இவ்விரண்டையும் 'பாப் கலை'யின் பெயர்ப்பலகைகளாகவே காட்டும். இப்பெயரை இட்டவராகத் திறனாய்வாளர் லாரன்ஸ் அலோவேயைச் சொல்வர். அதற்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படும் அவரது 1958ஆம் ஆண்டுக் கட்டுரையில் இத்தொடர் இவ்வடிவில் இல்லை என்பதைப் பின்வந்தோர் எடுத்துக்காட்டியுள்ளனர். 1957இல் ஹாமில்டன் தம் கடிதமொன்றில் இக்கலையின் இயல்புகளைப் பட்டியலிட்டபோது, பலர்க்கு உரியது என்பதோடு நிலையாதது, பயன்படுத்தி எறியத்தக்கது, மலிவானது, இளமையானது என்பவற்றையும் சேர்த்தார். இவற்றுள் முதலாவதே இலத்தீன வேரிலிருந்து வரத்தக்கது. ஏனையவை நுரை, தக்கை, மிட்டாய், விளையாட்டுத் துப்பாக்கி ஆகியவற்றின் இயல்புகள். பெயர் சுருக்கத்திலிருந்து வந்ததாயினும் அதன் சுவை ஓசையிலிருந்து வந்தது.

ரேமண்ட் வில்லியம்ஸ் 'கீவேர்ட்ஸ்' (1976) நூலில் இதனைத் தொட்டுச் செல்கிறார். சுருங்கியதால் சொல்லுக்கு உயிர்ப்பும் நெருக்கமும் வந்தன, அற்பமானது என்ற சாயலும் உடன் வந்தது என்பது அவர் கருத்து. பழைய ஒலிச்சொல்லின் பொருள் இதனோடு கலந்துவிட்டதா என்று உறுதியாகக் கூற இயலாதென அவர் நிறுத்திக்கொள்கிறார். சொற்பிறப்பை மட்டும் நோக்கினால் அவர் எச்சரிக்கை தக்கதே. மேற்கண்ட இரு ஓவியங்களையும் சேர்த்து நோக்கினால் கலப்பு நிகழ்ந்தது என்றே கொள்ள வேண்டும்.

கலந்துவிட்ட இவ்விரு பொருளும் மொழிபெயர்ப்பில் பிரிந்துபோகின்றன. தமிழுக்கு ஒலிக்குறிப்புச் சொற்பஞ்சம் இல்லை. பகர முதற்சொற்களே பல. பொட்டென, பொசுக்கென, படக்கென என்பன பேச்சில் வழங்குகின்றன. உடனே என்ற பொருளில் 'பொள்ளென' குறளிலேயே உண்டு. ஆனால் இவை 'என' என்னும் இடைச்சொல்லின் துணையோடு வேறொரு வினையைத் தழுவியே நிற்பன. ஆங்கிலச் சொல்லோ தானே வினையாகவும் பெயராகவும் நடக்கும். அதனால் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வோரிடத்தும் வினையைத் தேர்ந்தாக வேண்டும்: பலூன் வெடிக்கும், பொத்தான் தெறிக்கும், தலை எட்டிப்பார்க்கும், சோளம் பொரியும். கடைசியது மிகப் பொருத்தமானது. மூடியது உள்ளிருந்து பிளந்து வெளிப்படுவதைக் குறிக்கும் 'பொரி' நெல்லுக்கும் முட்டைக்கும் பொதுவான வினை. 'சோளப்பொரி' என்ற நல்ல தொடர் இருந்தும் திரையரங்கில் 'பாப்கார்ன்' வென்றதற்குக் காரணம் மொழியன்று, விலைப்பட்டியல்.

சுருக்கச் சொல்லுக்கு வரும்போது சிக்கல் மிகுகிறது. 'ஜனரஞ்சகம்' மக்களை மகிழ்விப்பது என்று பொருள்பட்டுப் படைப்பவரை முன்னிறுத்தும். 'வெகுசனப் பண்பாடு' எண்ணிக்கையை முன்னிறுத்தும். 'மக்கள் கலை' என்றாலோ நாட்டார் கலையும் இயக்க அரங்கமும் நினைவுக்கு வரும்; கலைப்பள்ளியில் பயின்றோர் விளம்பரத்தாள்களை வெட்டிக் கண்காட்சிக் கூடத்துக்கெனச் செய்த பாப் கலைக்கு அப்பெயர் பொருளையே திரித்துவிடும். மூன்றிலும் சொல்லின் வழிமுறை கிடைக்கிறது, நுரை கிடைப்பதில்லை. ஒலிபெயர்த்து எழுதினால் வடிவம் கிடைக்கிறது. ஆனால் 'பாப்' என்ற நெட்டுயிர் வடிவம் தமிழ்ச்செவிக்கு எந்த வெடிப்பையும் உணர்த்துவதில்லை.

இலங்கைத் தமிழ் வேறு வழியிற் சென்றது. ஆங்கிலத்தின் அவ்வுயிரைத் தமிழகம் ஆகாரமாகவும் இலங்கை ஒகரமாகவும் எழுதுவது மரபு. டாக்டர், டொக்டர் என்பன போல. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் (மறைவு 2018) முதலியோரால் 1960களின் இறுதியிலும் 1970களிலும் இலங்கையில் பரவிய பாடல்வகை 'பொப்' எனவே எழுதப்பட்டது. 'துள்ளிசை' என்ற தமிழ்ப் பெயரும் உண்டு. அது வேரை விட்டுவிட்டுத் திடீரசைவைப் பற்றிக்கொண்ட ஆக்கம். தனிக்குறிலை அடுத்த மெய் உயிர் வரின் இரட்டிக்கும் என்பது நன்னூல் விதியாதலின், 'பொப்' இசையோடு சேர்ந்து 'பொப்பிசை' என ஒரே சொல்லாயிற்று. வல்லின ஈறு தமிழ்ச் சொல்லுக்கு இயல்பன்று. இரட்டித்தபின் அக்குறையும் தெரிவதில்லை. தமிழகத்து வடிவில் நெடிலை அடுத்து நிற்பதால் மெய் இரட்டிக்க வழியில்லை. சேர்த்து எழுதினால் 'பாபிசை' என்றாகி, உயிரிடைப்பட்ட பகரம் மெலிந்தொலித்துச் சொல்லே அடையாளம் இழக்கும். ஆதலால் 'பாப் இசை' இன்றும் இரு சொற்களாகவே அச்சேறி வருகிறது.