ஒற்றைத் தலைவலி

இணையாயிருக்க வேண்டியவற்றுள் ஒன்று மட்டும் தனித்து நிற்குங்கால் அதனை ஒற்றை என்கிறோம். ஒற்றை மாடு, ஒற்றைச் செருப்பு என்னும் வழக்குகளைப் போலவே, தலையின் இரு பாதிகளுள் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு வதைக்கும் நோய்க்கு ஒற்றைத் தலைவலி என்று பெயரிட்ட நம் முன்னோரின் நுட்பம் வியக்கத்தக்கது. சுசுருத சம்ஹிதை இதனை அர்த்தாவபேதகம் என்கிறது. அர்த்தம் என்பது பாதி, அவபேதம் என்பது பிளத்தல். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் காலென் என்னும் கிரேக்க வைத்தியர் வழங்கிய ஹெமிக்ரேனியா என்னும் சொல்லும் பாதி மண்டை என்றே பொருள்படும். அது இலத்தீனில் புகுந்து, பிரெஞ்சு நாவில் தலையெழுத்தை இழந்து, மைக்ரேன் ஆயிற்று.

ஆயினும் பெயர் முழு உண்மையன்று. பலருக்கு வலி இருபுறமும் எழுகிறது. குமட்டலும், வெளிச்சத்தையும் ஓசையையும் தாங்கவொண்ணாமையும், சிலருக்கு வலிக்குமுன் கண்ணெதிரே மின்னும் கோணல்மாணலான ஒளிக்கோடுகளுமே இதன் மெய்யடையாளங்கள். ஆதலின் இதனை வெறும் தலைவலியென்று அலட்சியம் செய்வது, துன்புறுவோருக்கு இழைக்கும் அநீதியென்றே கருதுகிறேன்.

முகத்தின் உணர்ச்சியைச் சுமக்கும் முக்கிளை நரம்பு கிளர்ச்சியுற்று, சி.ஜி.ஆர்.பி. என்னும் புரதத்துணுக்கைச் சுரப்பதே வேதனைக்கு முக்கிய காரணம். 1918இல் பிரித்தெடுக்கப்பட்ட எர்கோட்டமைன் வெகுகாலம் மருந்தாயிருந்தது. 1990களில் சுமட்ரிப்டான் வந்தது. 2018 முதல் அப்புரதத்தின் செயலையே தடுக்கும் ஊசிகள் கிட்டுகின்றன. வலிமாத்திரைகளை அடிக்கடி விழுங்கினால் அவையே தலைவலியை வளர்த்துவிடுமாதலால், மாதத்தில் பலமுறை அவதியுறுவோர் மருத்துவரிடம் தடுப்பு மருந்து கேட்டுப் பெறுதல் உசிதம்.