மூவாரில் பிறந்தவரும் பாயான் லெப்பாஸ் வயல்வெளியும்

கணினித் துறையின் தலைமை இளைஞர்களுக்கே உரியது என்று நம் மாணவர்கள் எண்ணுகின்றனர். 2025 மார்ச் 18ஆம் நாள் இண்டெல் நிறுவனத்தின் தலைமைச் செயல்முறை அதிகாரியாகப் பொறுப்பேற்ற லிப்-பூ டானுக்கு அப்போது வயது 65. ஜொகூரின் மூவாரில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்தவர் அவர். பினாங்கில் வாழும் நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று.

1969இல் பினாங்கு சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது, வேலையின்மை பெருகியது. அவ்வாண்டு முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ, வெளிநாட்டுத் தொழிற்சாலைகளைத் தேடி அழைத்தார். 1972இல் பாயான் லெப்பாஸில், நெல் வயலாயிருந்த நிலத்தில், இண்டெல் தன் முதல் கடல்கடந்த தொழிற்சாலையைத் திறந்தது. அமெரிக்காவில் உருவான சில்லுகள் இங்கே நுண்கம்பி இணைத்து, உறையிட்டு, சோதிக்கப்பட்டன. நுண்ணோக்கியில் கண் பதித்து அப்பணியைச் செய்தவர்களுள் மிகப் பலர் இளம்பெண்கள். தோட்டப்புறத்தை விட்டு நகர்ந்த நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் இத்தகைய ஆலைகளே சோறிட்டன.

அந்நிறுவனம் பின்னாளில் தளர்ந்தது. கைப்பேசிச் சில்லுச் சந்தையை நழுவவிட்டது; உற்பத்தி நுட்பத்தில் தைவானும், செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளில் என்விடியாவும் முந்தின. 2024இல் மட்டும் இழப்பு ஏறத்தாழ 18.8 பில்லியன் டாலர். அவ்வாண்டு டிசம்பரில் தலைவர் பேட் கெல்சிங்கர் விலகினார்.

இந்நிலையில்தான் டான் அழைக்கப்பட்டார். இயற்பியல் பட்டதாரி, எம்.ஐ.டி.யில் அணுப் பொறியியல் பயின்றவர். 1987இல் வால்டன் முதலீட்டு நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். சில்லு வடிவமைப்பு மென்பொருள் தயாரிக்கும் கேடன்ஸ் நிறுவனம் தடுமாறியபோது தலைமையேற்று, 2009 முதல் 2021 வரை வழிநடத்தி, அதன் வருவாயை இரு மடங்குக்கு மேல் உயர்த்தினார். 2022இல் இண்டெல் இயக்குநர் வாரியத்தில் சேர்ந்து, 2024 ஆகஸ்டில் விலகியிருந்தார். விலகிய இல்லத்திற்கே தலைவராகத் திரும்பிய அவர், 2025இல் ஆள்குறைப்பு என்னும் கசப்பான மருந்தையும் கையிலெடுத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க அரசு ஏறத்தாழ 10 விழுக்காட்டுப் பங்கை ஏற்றது.

பெற்றோர் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. டான் 1978இல் பட்டம் பெற்றது நன்யாங் பல்கலைக்கழகத்தில். சீனமொழிவழி உயர்கல்விக்காக 1950களில் செல்வரும் சைக்கிள் ரிக்ஷா ஓட்டுநரும் சேர்ந்து கொடுத்த பணத்தில் எழுந்த நிறுவனம் அது. அதே காலத்தில்தான் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நிலைபெற 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினார். டான் பயின்றபோது நன்யாங்கில் ஆங்கிலமும் இடம்பெறத் தொடங்கிவிட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஒருவரின் உயர்வைக் கொண்டு தாய்மொழிக் கல்வியே அவரை உயர்த்தியது என்று நான் வாதிடவில்லை. ஆனால் "தமிழ்ப்பள்ளியில் சேர்த்தால் தொழில்நுட்பக் கதவு அடைபடும்" என்னும் அச்சத்திற்கு, தாய்மொழிக்காக ஒரு சமூகம் கட்டிய அந்த வாயிலே தக்க விடை. 1816இல் பினாங்கு பிரீ பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பின் வழிவந்தவர்கள் நாம். தமிழில் அறிவியலைத் தெளிவாகக் கற்பிப்போம். ஆங்கிலத்தையும் மலாயையும் அதன்மீது உறுதியாகக் கட்டுவோம். நுண்ணோக்கியின் முன் அமர்ந்த தாய்மாரின் பேரப்பிள்ளைகள், அச்சில்லுகளை வடிவமைக்கும் நாற்காலிகளிலும் அமர வேண்டும்.