மே 14: நாள்காட்டியில் ஏறிய பாட்டும் ஏறாத பாட்டும்

மேலை இசை இதழ்களில் 'இந்த நாளில்' என்றொரு பத்தி தவறாமல் இடம்பெறும். ஒரு தேதியை எடுத்துக்கொண்டு, வெவ்வேறு ஆண்டுகளில் அத்தேதியில் பிறந்தவர், இறந்தவர், வெளிவந்த இசைத்தட்டு என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். தற்செயலைத் தவிர வேறு தர்க்கம் இல்லாத வரிசை. ஆயினும் படிக்கச் சுவையானது. மே 14ஐ அவ்வாறு எடுத்துப் பார்த்தால், நியூ ஆர்லியன்ஸ் தந்த ஜாஸ் மேதை சிட்னி பெஷே 1897இல் இத்தேதியில் பிறந்து, 1959இல் இதே தேதியில் பிரான்சில் மறைந்திருக்கிறார். 1968இல் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் நியூயார்க்கில் பத்திரிகையாளர்களைக் கூட்டித் தங்களுடைய 'ஆப்பிள்' நிறுவனத்தை அறிவித்தார்கள். 1998இல் ஃபிராங்க் சினாட்ராவும் 2015இல் பி.பி. கிங்கும் காலமானார்கள்.

தமிழுக்கு இத்தேதி 1976ஆம் ஆண்டின் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறிக்கும். அன்றுதான் 'அன்னக்கிளி' வெளியானது.

இந்த வரிசையைச் சென்னையிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ பார்ப்பதைவிடக் கம்பம் பள்ளத்தாக்கின் சின்னமனூரில் நின்று பார்ப்பது பொருத்தம் என்று நமக்குத் தோன்றுகிறது. படத்தின் இசையமைப்பாளர் பிறந்த பண்ணைப்புரம் இங்கிருந்து மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. அது மட்டும் காரணமன்று. வேறொரு காரணம் பின்னால் வரும்.

முதலில் அந்த வெள்ளிக்கிழமை. நெருக்கடி நிலை நடப்பில் இருந்த காலம். அவ்வாண்டு ஜனவரி இறுதியில் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டுத் தமிழகம் குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்தது. அந்தச் சூழலில் சுஜாதாவும் சிவகுமாரும் நடித்து, தேவராஜ்-மோகன் இயக்கிய ஒரு கறுப்பு வெள்ளைக் கிராமத்துப் படம் பெரிய ஆரவாரம் ஏதுமின்றித் திரைக்கு வருகிறது. கதை ஆர். செல்வராஜுடையது, பாட்டெழுதியவர் பஞ்சு அருணாசலம். தன் நண்பனைப் பஞ்சு அருணாசலத்திடம் அழைத்துப்போனவர் செல்வராஜ்தான். அந்த நண்பன் ஆர்மோனியமும் இல்லாமல் மேசையில் தாளம் தட்டியே மெட்டுகளைப் பாடிக் காட்டியதும், முதல் ஒலிப்பதிவின்போது மின்சாரம் நின்றதும், அபசகுனம் என்று சிலர் முணுமுணுத்ததும் பலமுறை சொல்லப்பட்ட கதைகள். 'ராஜா' என்ற பெயரில் ஏ.எம். ராஜா ஏற்கெனவே இருந்தமையால் முன்னால் ஓர் 'இளைய' சேர்ந்தது.

அந்த நாளைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் வாசகம் ஒன்றுண்டு: அன்றுதான் நாட்டுப்புற இசை தமிழ்த் திரைக்குள் நுழைந்தது என்பது. இதை நாம் ஏற்பதற்கில்லை. கே.வி. மகாதேவன் 1957இல் 'மக்களைப் பெற்ற மகராசி'க்கு மருதகாசியின் பாட்டை அமைத்தபோதே மாட்டுவண்டிச் சாலையின் புழுதி அதில் படிந்திருந்தது. அதைப் பாடிய டி.எம். சௌந்தரராஜனேதான் 'அன்னக்கிளி'யின் தலைப்புப் பாட்டின் சோக வடிவத்தையும் பாடினார். ஆகவே வாசல் முன்பே திறந்திருந்தது. மாறியது மெட்டைச் சுற்றி நிகழ்ந்தது. எஸ். ஜானகி சொல்லற்ற அசைகளில் இழுத்துத் தொடங்கும் அந்தப் பாட்டைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: குரல் கிராமத்தில் இருக்கிறது, அதன் பின்னே வயலின்களும் குழலும் போடுகிற கோலம் வேறோர் உலகத்துடையது. தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை இலக்கணம் கற்று, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, கிதார் வாசித்துப் பிழைத்த ஒருவர், நெல் குத்தும் பெண்களின் பாட்டை ஐந்து கோட்டுத் தாளில் எழுதினார். பாட்டு தன் ஊர்க்குரலை இழக்கவில்லை. அதுதான் அதிசயம். (அந்தக் குரலைச் சற்று மெருகேற்றிவிட்டார் என்ற குறையும் உண்டு, அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.)

இனிச் சின்னமனூருக்கு வருவோம். இன்று தேனி மாவட்டம்; 1976இல் மதுரை மாவட்டம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் ஊர். லோயர்கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரையில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளையும் பள்ளத்தாக்கின் நடுவில் அது கிடக்கிறது. இரண்டு போகம் என்றால் ஆண்டுக்கு இருமுறை நடவு, இருமுறை அறுப்பு; இருமுறையும் சேற்றில் வரிசையாகக் குனிந்து நிற்கும் பெண்கள். மேற்கே நகர நகர ஆற்றுப் பாசனம் விலகி மானாவாரி நிலம் தொடங்கும். அதற்கும் அப்பால் மலை. மலைக்கு மேலே ஏலத் தோட்டங்கள், தேயிலைத் தோட்டங்கள். கீழே வேலை இல்லாதபோது மேலே ஏறுவது இந்தப் பக்கத்து மக்களின் நெடுநாள் வழக்கம். அவர்களோடு பாட்டும் ஏறியது.

அவ்வாறு ஏறியவர்களில் ஒருவர் பாவலர் வரதராஜன், இளையராஜாவின் மூத்த அண்ணன். பொதுவுடைமைக் கட்சியின் மேடைப் பாடகர். 1958இல் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. முந்தைய ஆண்டுதான் ஆட்சிக்கு வந்திருந்த இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் அரசு மிகக் குறைந்த பெரும்பான்மையில் நின்றுகொண்டிருந்ததால் ஒவ்வோர் இடமும் கனமானது. வாக்காளர்களில் பெரும்பகுதியினர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். மலையாளப் பேச்சு செய்ய இயலாததைப் பாவலரின் தமிழ்ப் பாட்டு செய்தது. கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். அந்த வெற்றியின் மாலை பாவலருக்கே உரியது என்று இ.எம்.எஸ். சொன்னதாகக் கூறுவர். பதினான்கு பதினைந்து வயதுத் தம்பியும் அந்நாட்களில்தான் அண்ணனின் குழுவில் சேர்ந்தார்.

பாவலரின் முறை நம் கவனத்துக்குரியது. மக்கள் வாயில் ஏற்கெனவே புழங்கும் திரைப்பாட்டின் மெட்டை எடுத்து, அதில் கூலியையும் விலைவாசியையும் வைத்துப் பாடுவது அவர் கையாண்ட உத்திகளில் ஒன்று. அதாவது 1950களில் மெட்டு திரையிலிருந்து களத்துக்கு இறங்கியது. 1976இல் தம்பியின் கையில் அது களத்திலிருந்து திரைக்கு ஏறியது. ஒரே பாதை, எதிரெதிர்த் திசைகளில் அண்ணனும் தம்பியும். ஏறியதற்குத் தேதி இருக்கிறது: மே 14. இறங்கியதற்கு இல்லை. மேடைப் பாட்டுக்கு வெளியீட்டு நாள் என்று ஒன்று கிடையாதே. நாற்றங்காலில் பாடியவளுக்கோ பெயர்கூட இல்லை.

சின்னமனூரைத் தேர்ந்ததன் மற்றக் காரணம் இதுதான். வரலாறு படித்தவர்களுக்கு இவ்வூர்ப் பெயர் இசையால் அன்று, செப்பேட்டால் தெரியும். பத்தாம் நூற்றாண்டுப் பாண்டியன் இராசசிம்மனின் பெரிய சின்னமனூர்ச் செப்பேடுகளே மதுரையில் சங்கம் வைத்ததையும் பாரதம் தமிழாக்கப்பட்டதையும் நமக்குச் சொல்பவை. அரசன், ஆட்சியாண்டு, கொடை, நிலத்தின் எல்லை எல்லாம் அதில் உண்டு. அந்த நிலத்தில் நட்டவர்கள் பாடியது செப்பில் ஏறவில்லை. 'இந்த நாளில்' பத்திகளும் ஒரு வகையில் நம் காலத்துச் செப்பேடுகள்தாம். இசைத்தட்டாகவோ படமாகவோ பதிந்ததை மட்டுமே அவை அறியும். (பதிந்த தேதியும் எப்போதும் உண்மையைச் சொல்வதில்லை. இளையராஜா பிறந்தது ஜூன் 3. தமக்கு 'இசைஞானி' பட்டம் தந்த கலைஞரின் பிறந்தநாளும் அதுவே என்பதால் ஜூன் 2க்குத் தம் கொண்டாட்டத்தை நகர்த்திக்கொண்டார்.)

பி.பி. கிங்கும் வயலிலிருந்து வந்தவர்தான். மிசிசிப்பியின் பருத்தித் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். ஆனால் அந்த நிலத்துக்கு 1941இலேயே ஆலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவுக் கருவியோடு சென்றுவிட்டார். மட்டி வாட்டர்ஸ் அப்போது இன்னும் தோட்டத் தொழிலாளி. அவருடைய குரல் அங்கேயே பதிவாயிற்று. நம்மிடமும் தொகுத்தவர்கள் இருந்தார்கள். பெர்சி மாக்வீன் திரட்டியதைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்து 1958இல் 'மலையருவி' வந்தது. நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' 1964இல் வந்தது. இரண்டும் பெருங்கொடைகள். ஆனால் இரண்டிலும் சொல்தான் இருக்கிறது, மெட்டு இல்லை. அச்சில் மௌனமாகிப்போன பாட்டுகள் அவை. 'அன்னக்கிளி'யில் நேர்ந்தது இதற்குத் தலைகீழ்: மெட்டின் சாயல் தங்கியது, சொல் பஞ்சு அருணாசலத்துடையதாயிற்று. வானமாமலையின் பக்கத்தையும் ஜானகியின் குரலையும் ஒருசேர வைத்துப் பார்த்தால்தான் சேற்றில் நின்றவளின் பாட்டை ஓரளவேனும் ஊகிக்க முடிகிறது. அப்போதும் முழுதாக இல்லை.

மே 14 அன்று சின்னமனூர் வயல்களில் நடவு இருப்பதில்லை. முதல் போகத்துக்குப் பெரியாற்றுத் தண்ணீர் வழக்கமாகத் திறக்கப்படுவது ஜூன் முதல் நாளில். அணையில் நீர் போதாத ஆண்டுகளில் அதுவும் தள்ளிப்போகும்.