ஐந்து அவுன்ஸ் குறைவு

1875ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களை மாணவியராகச் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் மேரி ஷார்லீப் 1878இல் தேறி வெளிவந்தார். அக்காலத்தில் சித்தூர், சென்னை மாகாணத்தைச் சேர்ந்த வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். திருப்பதியும் அம்மாவட்டத்துள் அடங்கியதே. அப்பகுதிப் பெண்ணொருத்தி பட்டம் பெற விரும்பினால் சென்னையைத்தான் நோக்க வேண்டியிருந்தது.

ஷார்லீப் தேறி ஒன்பது ஆண்டுகள் கழித்து, பெண்ணின் மூளை ஆணின் மூளையைவிடச் சராசரியாக ஐந்து அவுன்ஸ் குறைவு, ஆகவே அறிவும் குறைவு என்று ஜார்ஜ் ரொமானஸ் லண்டனில் எழுதினார். இவ்வகை வாதத்துக்குப் பாரிஸில் பால் புரோக்கா 1861இல் கண்ட 181 கிராம் வேறுபாடு முன்னரே வழிவகுத்திருந்தது. பெண்ணுடல் சிறியது என்பது புரோக்காவுக்குத் தெரியாததன்று. ஆனால் பெண்கள் அறிவிற் சற்றுக் குறைந்தவர்கள் என்பது முன்பே அறிந்ததுதானே என்று கருதி, வேறுபாடு முழுவதையும் உடலளவின் கணக்கில் எழுத மறுத்தார். நிறுவ வேண்டியதே சான்றாக நின்றது!

இதனை உடைத்தவர் ஆலிஸ் லீ. 1898இல் டப்ளினில் கூடிய உடற்கூற்றியல் அறிஞர் 35 பேரின் தலைகளை அளந்து, அவர்தம் மண்டைக் கொள்ளளவை அவர் கணக்கிட்டார். பெயர்பெற்ற அறிஞர் சிலருடைய கொள்ளளவு, பெட்ஃபோர்ட் கல்லூரி மாணவியர் சிலருடையதைவிடக் குறைவாக இருந்தது. கொள்ளளவுக்கும் அறிவுக்கும் தொடர்பு தென்படவில்லை. அந்த ஆய்வேடு தேர்வாளர்களிடம் எளிதில் தேறாமற்போனதில் வியப்பில்லை. ஆயினும் பட்டம் கிடைத்தது.

வேறுபாடே இல்லை என்பதும் உண்மையாகாது. ஆண் மூளை சராசரியாக ஏறத்தாழ பத்து விழுக்காடு பெரியது. மூளையின் மொத்தக் கன அளவு சிறுமியரிடம் சுமார் 10½ வயதிலும் சிறுவரிடம் சுமார் 14½ வயதிலும் உச்சமடைவதாக 2007இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. இத்தகைய எண்கள்தாம் இன்று தனித்தனி வகுப்பறைகள் வேண்டுமென்போரின் கையில் இருக்கின்றன. கன அளவின் உச்சமே கற்றலின் உச்சமென்றால், ஆறாம் வகுப்பிலேயே சிறுமியர் மங்கத் தொடங்கியிருக்க வேண்டும். 1,400க்கும் மேற்பட்ட மூளைகளை ஆராய்ந்த டாஃப்னா ஜோயல் குழுவினர், முற்றிலும் 'ஆண்' அல்லது முற்றிலும் 'பெண்' கூறுகளே கொண்ட மூளை அரிது என்று 2015இல் எழுதினர். மூளைப் படத்தைக் கொண்டு பாலைப் பெரும்பாலும் சரியாகக் கணிக்கலாம் என மறுத்தோரும் உளர். இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்கலாம்: பாலைக் கணிப்பது வேறு, திறனைக் கணிப்பது வேறு.

சித்தூர் 1953இல் ஆந்திர மாநிலத்துடன் இணைந்தது. மறு ஆண்டே திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும், 1983இல் என். டி. ராமாராவ் ஆட்சியில் ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் தோன்றின. பின்னதைத் தனி மூளைக்கான தனிப் பல்கலைக்கழகமாகக் கொள்வது பிழை. தூரம், விடுதி, மகளை வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் வீடு ஆகியவற்றுக்கான விடையாகவே அதனைக் காணவேண்டும். அங்கு இன்று பெண்கள் சட்டமும் பொறியியலும் பயில்கின்றனர்.